பதினொரு சுற்று

மூன்றாவது கரண்டித் தண்ணீரைத் தாயம்மாள் கணவரின் உதட்டோரம் சாய்த்தாள். அது உள்ளே இறங்கவில்லை. தாடையோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கியபடி நகராட்சியின் உதவிப் பொறியாளர் கிருஷ்ணமூர்த்தி நின்றிருந்தார். அவருடைய கக்கத்தில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருந்தது.

"உள்ள வாங்க சார்," என்றான் மகன் பாலச்சந்திரன். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் மருந்துப் புட்டிகள் இருந்தன. அவற்றை எடுத்துத் தரையில் வைத்தான்.

கிருஷ்ணமூர்த்தி நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலருகே குத்துக்காலிட்டு அமர்ந்தார்.

"சாம்பசிவம், நான் கிருஷ்ணமூர்த்தி வந்திருக்கேன். கேக்குதா?"

சாம்பசிவத்தின் இமைகள் மெல்லப் பிரிந்தன. குடிநீர்ப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வால்வு திறந்து மூடிய லைன்மேன் அவர். இரண்டு வாரங்களுக்கு முன்னால் வேலையிலிருந்து திரும்பி, வயிறு கனக்கிறது என்று படுத்தவர் எழவில்லை. ஈரல் முற்றிலும் கெட்டுவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இந்த நேரத்துல வந்து கேக்கறது தப்புதான். காலனி லைன் வால்வு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. மூணு இடத்துல தோண்டிப் பார்த்துட்டோம். மூணாவது இடத்துல கரண்ட் கேபிள் அறுந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பூரா இருட்டாயிடுச்சு. இனிமே நான் கடப்பாறையைத் தொட்டா என்னையே அந்தக் குழியில போட்டு மூடிடுவாங்க."

சாம்பசிவத்தின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று தோன்றி மறைந்தது. பிறகு அவருடைய கண்கள் பொறியாளரை விட்டு நகர்ந்து, தாயம்மாளின் முகத்தில் வந்து நின்றன, அங்கேயே இருந்தன.

"தெரியலைன்னு அப்பவே எழுதிக் கொடுத்துட்டாரே சார்," என்றாள் அவள்.

"ஹவ், ஆமா, எழுதிக் கொடுத்தார். ஃபைல்ல இருக்கு." கிருஷ்ணமூர்த்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வரைபடத்தை மறதியாகக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். பாலுவும் கூடப் போனான். அவர்கள் பேசுவது ஓலைத் தடுப்பின் வழியே உள்ளே கேட்டது.

"உனக்கு எந்த ஷெட்டுப்பா?"

"பதினாலு சார். பம்புக்கு உதிரி பாகம் பண்றாங்க. என்னை ஃபிட்டரா எடுத்துக்கறேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த மாசத்துக்குள்ள தண்ணி வரலைன்னா உப்பல் பக்கத்துப் பேட்டைக்குப் போயிடுவோம்னு முதலாளி சொல்லிட்டாரு."

"போவாங்க. ஏற்கெனவே நாலு பேர் போயாச்சு. நிலத்தை எடுத்தது ஒரு டிபார்ட்மெண்ட். மனை பிரிச்சது இன்னொரு டிபார்ட்மெண்ட். தண்ணி, ரோடு, விளக்கு மட்டும் எங்க முனிசிபாலிட்டி தலையில. தண்ணி வந்தாத்தான் ஃபாக்டரி ஓடும். ஃபாக்டரி ஓடினாத்தான் வரி. வரி வந்தாத்தான் நான் புது டேங்க் கட்ட முடியும். இதுல எங்க ஆரம்பிக்கணும்னு இன்னும் யாரும் எனக்குச் சொல்லித் தரலை."

பிறகு அவர் குரல் தணிந்து கேட்டது.

"ஒண்ணுதான் புரியலை. காலனி வால்வு திறந்திருக்கறப்ப எஸ்டேட் மேட்டுக்குத் தண்ணி ஏறவே முடியாது. ஆனா தினம் மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் வந்துட்டுத்தான் இருந்துச்சு. உங்க அப்பா படுத்த அன்னிக்கு நின்னுது. அப்புறம் ஒரு சொட்டு இல்லை."

தாயம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் இருபத்தாறு வருஷத்துக் காய்ப்பு. நோய் அதை மட்டும் கரைக்கவில்லை.

பாலாநகருக்கு அப்பால் இருந்த அந்த மேடு தொழிற்பேட்டையாவதற்கு முன்பே, அதன் அடிவாரத்தில் நாற்பது வீடுகள் இருந்தன. உருதும் தெலுங்கும் புழங்கும் அந்த ஊருக்கு, முதல் தொழிற்சாலைகளின் அஸ்திவாரம் தோண்ட வந்த தமிழ்க் குடும்பங்கள் அவை. எவருக்கும் பட்டா இல்லை. பழைய பஞ்சாயத்து போட்டுத் தந்த நாலங்குலக் குழாய் ஒன்றே அவர்களுக்கு ஆதாரம். பஞ்சாயத்து நகராட்சியோடு சேர்ந்தபோது அதன் வரைபடங்கள் ஒரு தகரப்பெட்டியில் வந்து சேர்ந்தன. கரையான் தின்றது போக மிச்சந்தான் கிருஷ்ணமூர்த்தியின் கக்கத்தில் இருந்தது. காலனிக் குழாய் முழுதாகத் திறந்திருக்கும்வரை நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும்; மேட்டுக்கு ஏறாது. ஆகவே எழுபத்தொன்றாம் வருஷத்தில், காலனி வால்வை நிரந்தரமாக மூடும்படி ஓர் உத்தரவு வந்தது.

அன்று மாலை சாம்பசிவம் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயடிக்கு ஒரு துவைக்கிற கல் வேண்டும் என்று தாயம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். குவாரியிலிருந்து ஒரு பலகைக்கல் வந்தது. இரவில் கணவனும் மனைவியுமாக அதை வால்வுக் குழியின் மேல் நெம்பி நகர்த்தி, சுற்றிலும் மண் நிரப்பினார்கள். திங்களன்று, வால்வு இருக்குமிடம் தெரியவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் மேட்டில் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பி, நீரில்லாமல் பூட்டியே கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்த மனிதர் அவர். ஒரு நாள் மதியம் கல்லை நெம்பி விலக்கினார். எத்தனை சுற்று மூடினால் மேட்டுக்கு நீர் ஏறும், காலனிக் குழாயிலும் சன்னமாகவாவது விழும் என்று பல நாள் பார்த்துத் தேர்ந்தார். பதினொரு சுற்று. தினமும் இரண்டு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறந்துவிடுவார்; அவர் சுற்றும்போது தாயம்மாள் மறைப்பாக நின்று துணி துவைத்தாள். மதியத்தில் தண்ணீர் இளைப்பது இயற்கை என்று காலனி பழகிப்போயிற்று. ஆபீசுக்குத் தெரிந்தால் முழுதாக மூடிவிடுவார்கள் என்பதால் மகனிடம்கூட அவர் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், அவள் பிடித்திருந்த கை கனத்தது. ஐந்தாவது கரண்டித் தண்ணீரைக் கிண்ணத்திலேயே திருப்பி ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் பாலுவைக் கூப்பிட்டாள்.

கிருஷ்ணமூர்த்தி திரும்பிப் போகவில்லை. ஆளனுப்பி நகராட்சி லாரியை வரவழைத்தார். பந்தல் போட வந்தவர்களோடு தாமும் ஒரு மூங்கிலைப் பிடித்தார். காலனிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் கமலம், தாயம்மாளின் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே பேசினாள்.

"குழாயடியில எங்க பசங்களுக்கு ஒரு கொக்குக் கதை சொல்வாரே, ஞாபகம் இருக்காக்கா?"

யாருக்குத்தான் இல்லை. ஒரு குளத்தின் கரையில் ஒரு பொத்தல். கொக்கு ஒற்றைக் காலால் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தவம் செய்கிறது என்று ஊரார் கும்பிடுகிறார்கள். நம்மைப் பிடிக்கச் சூழ்ச்சி செய்கிறது என்று மீன்கள் ஏசுகின்றன. கொக்கு எதற்கும் பதில் சொல்வதில்லை. கால் வலித்து மாற்றி ஊன்றும்போது மட்டும் கொஞ்சம் நீர் கீழ் வயலுக்குப் போகும். அந்த வயலும் அதனால் பிழைத்துக் கிடந்தது.

"என் பெரியவன் ஒரு தடவை கேட்டான், கொக்கு செத்துப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'டேய், குடம் நிரம்பிடுச்சு, நகர்த்துடா'ன்னாரு."

அழுதுகொண்டிருந்த பெண்கள் இருவர் சிரித்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டார்கள்.

நண்பகலில் அப்துல் ரஹீம் உள்ளே எட்டிப் பார்த்தார். இருபது வருஷம் சாம்பசிவத்தோடு குழி தோண்டியவர்; தாயம்மாளை அண்ணி முறையில் 'பாபி' என்றே அழைப்பார்.

"பாபி, குளிப்பாட்டறதுக்குக் கல்லு ஒண்ணு வேணும். குழாய்கிட்ட இருக்கே, அதை நாலு பேரு தூக்கிட்டு வந்துடறோம்."

ஏற்கெனவே நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். தாயம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நக்கோ ரஹீம் பாய். கல்லைத் தூக்க வேணாம். அவரை அங்க தூக்கிட்டுப் போங்க."

"தெருவுலயா?"

"இருபத்தாறு வருஷம் தெருவுலதானே நின்னாரு."

ரஹீம் அவளைப் பார்த்தார். கமலம் பின்னாலிருந்து சொன்னாள்: "அக்கா சொல்றதைச் செய்ங்க பாய். வீட்டுல குளிச்சதைவிடக் குழாயடியில நனைஞ்சதுதான் அவருக்கு ஜாஸ்தி."

புடவைகளால் நாற்புறமும் மறைப்புக் கட்டி, சாம்பசிவத்தைத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். பாலு முதல் குடத்தைச் சாய்த்தான். நீர் அவர் தலையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து கல்லுக்கும் இறங்கியது. மூன்று பக்கமும் வழிந்தது சாக்கடைக்குப் போயிற்று. நான்காம் பக்கம் வழிந்தது மட்டும் கல்லின் விளிம்பிலேயே மறைந்து, எங்கோ ஆழத்தில் விழும் ஓசை கேட்டது.

பாலு குடத்தோடு நின்றுவிட்டான். கல்லைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். மறைப்பின் ஓரத்தில் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த கிருஷ்ணமூர்த்தியும் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாயம்மாள் ஓரடி முன்னே வந்து, அந்த விளிம்பின்மேல் தன் காலை வைத்துக்கொண்டாள்.

"ஊத்துடா," என்றாள்.

அவன் ஊற்றினான். அடுத்த குடம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கடைசிக் குடம்வரை அவள் காலை எடுக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு லாரி புறப்படத் தயாராயிற்று. பாலு மழித்த தலையும் புது வேட்டியுமாகப் பாடையருகே நின்றான். ரஹீம் யாரிடமோ கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இடுகாட்டுக் கிணறு வத்திப்போச்சு. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் எங்க குளிக்கறது?"

"வர்ற வழியில எஸ்டேட் கேட்டாண்ட ஒரு குழாய் இருக்குல்ல?"

"இருக்குது, இருக்குது. அதுல ரெண்டு வாரமா காத்துதான் வருது. காத்துல குளிச்சுக்கோ."

லாரி கிளம்பியது. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனைவரை அழுதபடி ஓடிவிட்டு நின்றுகொண்டார்கள். சித்திரை வெயிலில் லாரியின் புழுதி நெடுநேரம் அடங்காமல் நின்றது. பிறகு எல்லோரும் வீடு கழுவத் திரும்பினார்கள்.

தாயம்மாள் கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த வால்வுச் சாவியை எடுத்தாள். அவள் மார்பு உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பி அது; மேலே குறுக்குப்பிடி. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கமலம் நிமிர்ந்தாள். சாவியைப் பார்த்தாள். தாயம்மாள் நின்றாள்.

"குளிக்கத்தானேக்கா போறே?" என்றாள் கமலம். பிறகு தெருவிலிருந்த பெண்களை நோக்கிக் குரல் கொடுத்தாள். "எல்லாரும் உள்ள வாங்கடி. பின்கட்டு இன்னும் கழுவலை. அக்கா குளிக்கட்டும்."

அவர்கள் உள்ளே போனதும் கமலம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறைப்புப் புடவைகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் ஈரத்தோடு தொங்கின. கல்லின்மேல் சீயக்காய் நுரை காய்ந்துகொண்டிருந்தது. தாயம்மாள் கம்பியின் முனையை விளிம்புக்கடியில் கொடுத்து நெம்பினாள். முதல் தடவை அசையவில்லை. அவர் செய்வதுபோல இடுப்பைச் சாய்த்து நெம்பியபோது கல் ஒரு முழம் விலகியது. உள்ளே அவர்மேல் ஊற்றிய நீர் தேங்கி நின்றது. சாவி தானாகவே வால்வின் தலையைத் தேடிப் பொருந்திக்கொண்டது.

இரண்டு வாரம் சுற்றாத வால்வு. அவள் முழு உடம்பையும் கொடுத்தாள். பத்தாம் நாள் உடைக்கப் போகும் கண்ணாடி வளையல்கள் இரும்பில் பட்டு ஒலித்தன. ஒன்று. இரண்டு. ஐந்தாவது சுற்றில் மூச்சு வாங்க நின்றாள். அவரும் ஐந்தில் நிற்பார். நின்று, 'யாராவது வராங்களா பாரு' என்பார். அவள் தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை. எட்டு. ஒன்பது. பதினொன்றில் காலனிக் குழாயின் நீர் விரல் பருமனாக இளைத்தது.

கல்லை இழுத்து மூடி, அதன்மேலேயே உட்கார்ந்து, அந்தச் சன்னமான நீரில் தலைக்குக் குளித்தாள். வெகு நேரம் குளித்தாள்.

மூன்றரை மணிக்கு ஆண்கள் நடந்தே திரும்பினார்கள். எல்லோர் வேட்டியிலிருந்தும் நீர் சொட்டியது. வாசலில் ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக ஒதுங்கி நின்றார்கள்.

"பாபி," என்றார் ரஹீம். அவருடைய தாடியிலும் நீர் நின்றது. "எஸ்டேட் குழாய்ல தண்ணி வந்துச்சு. நான் சும்மாதான் திறந்தேன். மூஞ்சியில அடிச்சுது."

தாயம்மாள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

பாலு வந்து அவள் முன்னால் நின்றான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, மழித்த தலையோடு சின்னவனாகத் தெரிந்தான். அவள் முன் தலையைக் குனிந்தான். அவள் அந்த ஈரத் தலையின்மேல் கையை வைத்தாள். சற்றுப் பொறுத்து எடுத்தபோது, உள்ளங்கையில் எவ்வளவு தேய்த்தும் போகாத சாவித் துரு ஈரத்தில் இளகி, அவன் தலையில் ஐந்து விரல்களாகப் பதிந்திருந்தது.

கிருஷ்ணமூர்த்தி அதைப் பார்த்தார். உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டிலிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தம் தோளில் கிடந்த துண்டைப் பாலுவிடம் நீட்டினார்.

"தலையைத் துடைச்சுக்கோப்பா."

அவன் துடைத்துக்கொண்டான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் நின்றவர்களிடம் திரும்பினார்.

"மணி நாலாகப் போகுது. அவங்களைக் கொஞ்சம் தனியா விடுங்க. வாங்க எல்லாரும்."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. ஒவ்வொருவராக நடந்தார்கள். குழாயடியில் கமலம் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தாள். நீர் விரல் பருமனாகவே விழுந்துகொண்டிருந்தது. குடம் நிரம்ப நேரமாகும், அவள் அவசரப்படவில்லை.