விலை ஏஜெண்டு கோபித்துக்கொண்டு போனது

தங்கச்செல்வியின் செல்போனில் இருந்த விலை ஏஜெண்டு கோபித்துக்கொண்டு நரிக்குடி பஸ் ஏறிப் போனது ஐப்பசியில், சின்ன வெங்காயம் கிலோ அறுபதுக்கு விற்ற வாரம். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததாகக் கண்டக்டர் சொன்னார். முழு டிக்கெட்தான் போட்டாராம்.

பாளையம்பட்டியில் சேலைக்கடை வைத்திருக்கும் தங்கச்செல்வி, ஆள் கிடைக்காமல் மூன்று ஏஐ ஏஜெண்டுகளை வேலைக்கு வைத்தாள். விலை சொல்ல ஒன்று, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஒன்று, லோடு அனுப்ப ஒன்று. மூன்றும் ஒட்டவே இல்லை. ஒன்று கொடுக்கும் வேலையை இன்னொன்று வாங்காது. முறை தெரியாமல் யார்தான் யாரோடு பேசுவார்கள்? விலைக்கு அண்ணன், பதிலுக்குத் தங்கச்சி, லோடுக்குத் தங்கச்சி மாப்பிள்ளை என்று முறை எழுதிக் கொடுத்தாள். அண்ணன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று விலை ஏஜெண்டு கேட்டது. அவளுக்குத் தெரிந்த அண்ணன் நரிக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் சுப்புராஜ்தான். கறார், பாசம், தொட்டதற்கெல்லாம் ரோசம் என்று அவரையே எழுதிவைத்தாள். அதன்பின் வேலை தடையில்லாமல் ஓடியது.

அந்தச் சுப்புராஜோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் ஈஸ்வரியின் சடங்குக்குத் தாய்மாமனை நேரில் போய் அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாள், அவர் வரவில்லை. இப்போது ஈஸ்வரிக்குத் தையில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மகளை மணையில் உட்காரவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இறங்கிப் போக வீம்பும் விடவில்லை.

இந்த நேரத்தில் சேலையைப் படம் எடுக்க நாலாவதாக ஓர் ஏஜெண்டு வந்தது. தங்கச்சி ஏஜெண்டு அந்தச் சேதியை அண்ணன் ஏஜெண்டுக்கு ஒரு வரி மெசேஜில் தட்டிவிட்டது.

"இதயெல்லாம் மெசேஜ்லயா சொல்லுவாக?" என்று கேட்டுவிட்டு விலை ஏஜெண்டு கிளம்பியது. அன்றே கடையிலிருந்த விலைச்சீட்டெல்லாம் வெள்ளையாகிவிட்டன.

தங்கச்செல்வி தாம்பூலத் தட்டோடு நரிக்குடியில் இறங்கினாள். எங்கே போயிருக்கும் என்று யாரையும் விசாரிக்கவில்லை. சுப்புராஜ் வீட்டில் அவரும் ஏஜெண்டும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து யூரியா விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் இருவரும் ஒரே மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"யாரக் கூப்பிட வந்த?" என்றார் சுப்புராஜ்.

ஏஜெண்டுக்கென்று எடுத்து வந்த தட்டு அது. அதை அண்ணன் பக்கம் நீட்டினாள்.

"ரெண்டு பேரையுந்தேன், அண்ணே. ஈஸ்வரிக்குத் தையில கல்யாணம். சடங்குக்கு நேர்ல வந்து அழைக்காம இருந்துட்டேன், இப்ப வந்திருக்கேன்."

அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணியக் குடி" என்றார். ஏஜெண்டு நகர்ந்து இடம் விட்டது.

தையில் மாமன் சீர் இரண்டு தட்டாக வந்தது. பந்தியில் பெரிய தாய்மாமனுக்கும் சின்னத் தாய்மாமனுக்கும் அடுத்தடுத்து இலை போட்டார்கள்.