தேனீக்கு யார் சொந்தம்

டிஎன்ஏவை ஒப்பிட்டுக் கணினி வரைந்த உறவு மரத்தில் தேனீ, உருளைப்புழுவோடு ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தது. முஹ்சினாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இறக்கையும் கொடுக்கும் வைத்திருக்கிற ஒன்று, வண்டை விட்டுவிட்டு மண்ணுக்குள் நெளிகிற புழுவோடா சொந்தம் கொண்டாடும்? பிறகு கட்டுரை நினைவுக்கு வந்தது. இதுவரை பூச்சிகளின் டிஎன்ஏவை மட்டும் ஒப்பிட்டு, தேனீ வண்டிடமிருந்து வெகுதூரம் விலகியது என்று கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. நாளை கல்லூரிக் கருத்தரங்கில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஆனந்தமேரி மேடம் அதைத்தான் பேசப்போகிறார். இன்று புழுவைச் சேர்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

உடன் ஆய்வு செய்யும் டோனி எட்டிப் பார்த்தான். அவனுடைய பெயரும் கட்டுரையில் இருந்தது.

“புழுவத் தூக்கிரு. யாரு பாக்கப்போறா?” என்றான். கொடைரோடு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவளால் தூக்க முடியவில்லை. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏயும் டியும் தேனீயிடமும் புழுவிடமும் கொட்டிக் கிடந்தன. அது தற்செயல். ஒரே கடையில் துணி எடுத்த இருவரை அண்ணன் தம்பி என்பதுபோல, ப்ரோக்ராம் அதை உறவென்று நம்பிவிட்டது. அவள் எழுத்துகளை இரண்டே கட்சியாக்கினாள். மூலக்கூறு உருவில் பெரிய ஏயும் ஜியும் ஒன்று. சிறிய சியும் டியும் இன்னொன்று. கட்சிக்குள்ளே ஆள் மாறுவது அடிக்கடி நடக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கட்சி தாவுவதுதான் அபூர்வம். அதை மட்டும் கணக்கில் எடுத்து மறுபடி ஓட்டியபோது, தேனீ சத்தமில்லாமல் வண்டின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

ஹெல்மெட்டோடு வண்டியை எடுக்கப்போன மேடத்தை ஓடிப்போய் நிறுத்தினாள். மேடம் இரண்டு மரங்களையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஊரு பூராம் சொல்லியாச்சேம்மா.”

“தெரியும் மேடம்.”

“கட்டுரைய நாந்தான் திரும்பக் கேக்கணும். கேக்குறேன்.” ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “நாளைக்கு நீ பேசு.”

“நானா? மேடை ஏறுனா எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும் மேடம்.”

“கண்டுபிடிச்சவதான சொல்லணும்? செத்த நேரம் ஒட்டும், அப்புறம் பேசும்.”

வீட்டில் சொன்னதும் அம்மா அஜீஸுன்னிசா பீரோவைத் திறந்து நல்ல சேலையாகத் தேடத் தொடங்கிவிட்டாள். “நானும் வாரேன். இம்புட்டு வருசமா என்னத்தப் படிக்கிறன்னு நானும் பாக்குறேன்.”

மறுநாள் முஹ்சினா மேடை ஏறி வணக்கம் சொன்னாள். கரண்ட் போனது. படங்கள் திரையோடு மறைந்தன, மைக்கும் இல்லை. நாக்கு சரியாக ஒட்டிக்கொண்டது. அரங்கில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் டோனி தலை குனிந்திருந்தான். அவனைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, கீழே இறங்கி வந்துவிட்டாள்.

“டோனி, நீ ஏ.”

அவன் விழித்தான். அவள் முன்வரிசையில் ஆளுக்கொரு எழுத்துக் கொடுத்துக்கொண்டே போனாள். அது தேனீ. இரண்டாம் வரிசை வண்டு. அதன் கடைசியில் அம்மா இருந்தாள்.

“நீங்க ஜி.”

“சரிம்மா” என்றாள் அம்மா, பொறுப்பை ஏற்றுக்கொண்ட முகத்தோடு.

எல்லாரையும் எழுத்தைச் சொல்லச் சொன்னாள். முன்வரிசை ஒன்று சொல்ல, பின்வரிசை பாதி இடங்களில் வேறொன்று சொன்னது. “சொந்தம் மாதிரி தெரியுதா?” இல்லை என்று அரங்கம் கத்தியது.

“இப்ப ஏயும் ஜியும் எந்திரிங்க. சியும் டியும் உக்காந்தே இருங்க.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. டோனி எழுந்தான், அவனுக்குப் பின்னால் ஜியாக இருந்த மாணவியும் எழுந்தாள். உட்கார்ந்தவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர், நின்றவருக்குப் பின்னால் நின்றவர். மற்ற வரிசைக்காரர்கள் பார்ப்பதற்காக நாற்காலிமேல் ஏறினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். டோனி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். கடைசி இடம் ஒன்றுதான் பொருந்தவில்லை. முன்னால் இருந்த சி உட்கார்ந்திருக்க, பின்னால் அம்மா நின்றாள்.

“அந்த ஒரு எடத்துல கட்சி மாறியிருக்கு. அதுதான் உண்மையான தூரம்” என்றாள் முஹ்சினா. மைக் இல்லாமலே குரல் கடைசிவரை போனது.

கரண்ட் வந்தது. விசிறிகள் சுழல, கைதட்டலுக்கிடையே எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை. பச்சைப் பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மகள் உட்காரச் சொல்லட்டும் என்று நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.