முக்கால் நிமிஷம்

விருதுநகர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்டான் சதீஸ்குமார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, அவன் ஏறட்டும் என்று காத்திருந்தார். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டே பின்னால் வந்த துர்காதேவி ஓடிப்போய்ப் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“எங்க ஏறுறீக? இது ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு.”

“தெரிஞ்சுதான் ஏறுறேன். பேசாம மிஷினுக்கே போயிருவோம் துர்கா. காலு ஒரு மாதிரி கனமா இருக்கு.”

“ரெட்டியபட்டியில இருந்து காலத் தொங்கப்போட்டே வந்தா கனக்கத்தான் செய்யும். முப்பது வருசம் கழிச்சுப் போடுறாக. இன்னைக்கு விட்டா எப்பப் பாக்கப் போறீக? எறங்குங்க.”

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு காலைக் கீழே எடுத்து வைத்தான். கண்டக்டர் விசில் அடித்தார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் பாலவனத்தம் ரோட்டுக்குத் திரும்பிப் போனது. பங்குனி மாதச் சனிக்கிழமை, மணி இரண்டே கால்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விருதுநகரில் அவனுக்கு டயாலிசிஸ். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர்கள் தவறவிட்டதில்லை. இந்தச் சனிக்கிழமையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கலாமா என்று துர்காதான் போன் பண்ணிக் கேட்டாள். அந்த நர்ஸ் நல்ல பெண். தள்ளுவது நல்லதில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். அப்படி என்ன அவசரம் என்று கேட்டாள். நாடகம் பார்க்க என்று சொல்ல துர்காவுக்கு வாய் வரவில்லை. நெருங்கிய சொந்தத்தில் ஒரு கேதம், சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அப்படியானால் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, வாழைப்பழம், இளநீர் பக்கமே போகக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே கூட்டி வந்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அவ்வளவு தூரம் துணிய அந்த நாடகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், ஊரில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ‘மாணிக்கவல்லி’ நாடகத்தை அந்தப் பக்கத்தில் கேட்காதவர்கள் கிடையாது. கோவில் கொடை, காதுகுத்து, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரில் அந்தக் கேசட்டைத்தான் போடுவார்கள். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஐந்து மணி நேரம் பாடித் தாங்கக்கூடிய ஆட்கள் அமையாததால் அதை மேடையேற்றுவதையே விட்டுவிட்டார்கள். சதீஸ்குமார் பஞ்சு லோடு வண்டி ஓட்டிய காலம் முழுக்க வண்டிக்குள் அதுதான் ஓடியது. சிறுநீரகம் போய், வண்டியை விற்று, கையில் ஊசியோடு நாலு மணி நேரம் படுத்துக்கிடக்க நேர்ந்த பிறகு, போனில் ஏற்றி அதையே கேட்டான். ஒரு தடவை படுத்து எழுந்தால் முக்கால்வாசி நாடகம் முடிந்துவிடும்.

அதில் ஓர் இடம் உண்டு. சிரிக்க வைக்கிற பபூன் அரண்மனைக்குள் வருவான். ஆர்மோனியம் நிற்கும். மத்தளம் நிற்கும். முக்கால் நிமிஷத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு திடீரென்று ஆயிரம் பேர் ஒன்றாகச் சிரிப்பார்கள். அந்த முக்கால் நிமிஷத்தில் மேடையில் என்ன நடக்கிறது என்பது கேசட்டில் கிடையாது. பார்த்ததாகச் சொன்ன ஒருவர் வேட்டி அவிழும் என்றார். இன்னொருவர் பபூன் வழுக்கி விழுவான் என்றார். அதற்கா இவ்வளவு சிரிப்பு என்று சதீஸ்குமாருக்குச் சமாதானம் ஆகவில்லை.

வியாதி முற்றிய பிறகு அவன் எதையும் கேட்பதில்லை. போட்டதைச் சாப்பிட்டான், சொன்ன இடத்தில் படுத்தான். அப்படியிருந்தவன், ராஜகுரு என்ற நாடக வாத்தியார் ஆட்களைச் சேர்த்து ஒரு வருஷம் பழக்கி மாணிக்கவல்லியைத் திரும்பப் போடுகிறார் என்று போனில் நோட்டீஸ் வந்த அன்று, அவள் மில்லிலிருந்து வரும்வரை முழித்திருந்து அதைக் காட்டினான். மூன்று நாளாக வாயில் பாட்டுதான். அன்று காலையில் அவனாகவே சவரம் செய்துகொண்டான். பஸ் படியில் நின்று வேண்டாம் என்று அவன் சொன்னபோது, அந்த முகம் பழையபடி மூடிக்கொள்வதை துர்கா பார்த்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ராத்திரி நடத்த அனுமதி கிடைக்காததால் கல்யாண மண்டபத்தில் மூன்று மணிக்கே ஆரம்பித்தார்கள். இவர்கள் போனபோது மண்டபம் நிறைந்துவிட்டிருந்தது. அவன் கையில் ஊசி போட்டுப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா ஓரத்தில் இரண்டு நாற்காலி ஒழித்துக் கொடுத்தாள். மேலே பன்னிரண்டு ஃபேன்கள் சுற்றியும் காற்று இறங்கவில்லை. திரை விலகியதும் எழுந்த சத்தத்தில் துர்காவுக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒவ்வொரு வசனத்தையும் மேடையில் வருவதற்கு முன்பே சனங்கள் சொன்னார்கள். ராஜபார்ட்காரர் ஒரு அடியை விழுங்கிவிட்டபோது நாலா பக்கமும் திருத்தினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து திரும்பப் பாடினார்.

சதீஸ்குமாரின் உதடு ஓயாமல் அசைந்தது. மாணிக்கவல்லி வந்து நின்றதும் அவள் பக்கம் குனிந்தான்.

“இம்புட்டுத்தான் இருக்கு பொம்பள. கொரலக் கேட்டு நா ஆறடின்னுல்ல நெனச்சிருந்தேன்.”

அவன் அப்படி அதிசயப்பட்டுப் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் நினைத்தாள். நாலரை மணிக்குத் தண்ணீர் கேட்டான். மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டான். பாட்டிலைத் தூக்கிக் காட்டி, வீட்டுக்குப் போகும்வரை இதுதான் என்றாள். அவன் உதட்டை நக்கிக்கொண்டு மேடையைப் பார்த்தான். நெற்றியில் வியர்த்திருந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும்தான் வியர்த்திருந்தது.

ஐந்து மணி தாண்டியதும் அவன் அவள் முழங்கையைத் தொட்டான். “வருது பாரு. அந்த எடம்.”

மேடையில் மாணிக்கவல்லி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பபூன் ராஜாவின் ஓலையை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவள் விழித்தால் அவன் தலை போய்விடும். நுனிக்காலில் வந்தான். ஆர்மோனியம் நின்றது. ஓலையை வைக்கப் போனவன் அப்படியே நின்றான். ராஜகுமாரியின் கன்னத்தில் ஒரு கொசு இருப்பதை அவன் கண்ணே காட்டியது. அடிக்கக் கையை ஓங்கினான், முடியாது. ஊதப் பார்த்தான், பயம். பிறகு மெதுவாக மண்டி போட்டு, அந்தக் கொசுவைக் கையெடுத்துக் கும்பிட்டான். காலில் விழுந்தான். போகவில்லை. கடைசியில் தோள் துண்டை எடுத்து உதறித் தரையில் விரித்து உட்கார்ந்து, தன் முழங்கையைத் துடைத்து, கல்யாண வீட்டில் சம்பந்திக்கு இலை போடுகிற பணிவோடு கொசுவின் முன்னால் நீட்டினான். எண்ணூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கொசு வந்து உட்கார்ந்தது. பபூனின் முகம் கோணிக்கொண்டே போனது. கத்தவும் முடியாமல் கையை இழுக்கவும் முடியாமல், போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அவன் கண்ணாலேயே கொசுவை உபசரித்தான்.

மண்டபம் வெடித்தது. துர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்னால் இருந்த நாற்காலியில் தலை முட்டும்படி குனிந்து சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீகளா?” என்று திரும்பினாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கண் மேடையைப் பார்த்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரித்து ஓய்ந்துபோய்ச் சாய்ந்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். மடியில் கிடந்த கை நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கியது.

அவள் எழுந்து நின்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சிரிப்பு அடங்கவே இல்லை. மறைக்கிறது, உட்காரும்மா என்று பின்னால் யாரோ அவள் சேலையை இழுத்தார்கள். பக்கத்துப் பையன் அவளைப் பார்த்துவிட்டு, அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்துக் கூடச் சிரித்தான். அவள் சதீஸ்குமாரின் கன்னத்தில் அறைந்தாள். நெஞ்சைப் போட்டுக் குத்தினாள். மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அவன் வாயில் ஊற்றினாள். அது அப்படியே கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது.

முதலில் பார்த்தது பபூன்தான். மேடையிலிருந்து அப்படியே குதித்தான். அந்த வேஷத்தோடு சனங்களை விலக்கிக்கொண்டு வந்து, சதீஸ்குமாரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். மண்டபத்தில் சிரிப்பு நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஓரிருவர் கைதட்டினார்கள்.

ஆட்டோவில் ஒரு பக்கம் துர்கா, ஒரு பக்கம் பபூன், நடுவில் அவன். ரோட்டில் போனவர்கள் வெள்ளை பூசிச் சிவப்புப் பொட்டு வைத்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரும் முதலில் அந்த முகத்தைத்தான் பார்த்தார். பிறகு சதீஸ்குமாரின் கண்ணை விலக்கி டார்ச் அடித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். வந்துகொண்டிருக்கும்போதே முடிந்திருக்கலாம், அதற்கு முன்னாலும் முடிந்திருக்கலாம் என்றார். அதற்கு முன்னால் என்றால் எப்போது என்று துர்கா கேட்டாள். நேரம் சொல்ல முடியாதும்மா என்றார். அவள் விடவில்லை. அவுக அதப் பாத்தாகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க என்று அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். டாக்டருக்கு என்னவென்று விளங்கவில்லை. பபூன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சதீஸ்குமாரின் தம்பி இன்பராஜ் ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தான். மதினி என்ன செய்யும், அண்ணன் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான் என்று வந்தவர்களிடம் எல்லாம் அவனே சொன்னான். பெண்கள் துர்காவின் தலையைத் தடவி அதையே சொன்னார்கள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொருத்தியும் அதைச் சொல்லச் சொல்ல, அவள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டே போனாள்.

விடியப்போகிற நேரத்தில் அழுது அசந்து எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். பெட்டிக்கு அந்தப் பக்கம் சதீஸ்குமாரின் அம்மா அழகுத்தாய் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கண்ணாடியில் பனி படியப் படிய முந்தானையால் துடைத்து, மகனின் முகத்தைப் பார்த்தாள். துர்கா பெட்டியைச் சுற்றி நகர்ந்து அவள் பக்கத்தில் போனாள்.

“அத்த.”

“ம்.”

“அவுக ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னாக. பஸ்ஸுல கால வச்சுட்டாக. நாந்தான் எறக்குனேன்.”

அழகுத்தாயின் கை கண்ணாடிமேல் நின்றது. பெட்டியின் மோட்டார் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

“மூச்சுக்குத் திண்டாடுனானா?” என்று கேட்டாள்.

“தெரியலத்த. நா அவுகளப் பாக்கல.” துர்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

அழகுத்தாய் முந்தானையை மறுபடியும் கண்ணாடிமேல் வைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

ஆறு மணி பஸ்ஸில் திருச்சுழியிலிருந்து துர்காவின் அண்ணன் வீரணன் வந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, நடுவீட்டில் நின்று, மிஷினுக்குப் போக வேண்டிய நாளில் நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று கேட்டார். இன்பராஜ் முன்னால் வந்தான். துர்கா தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தாள்.

“யாரு கூட்டிட்டுப் போவா?” என்றாள் அழகுத்தாய். “அவனாத்தான் போனான். சொன்னாக் கேக்குற ஆளா அவன்?”

வீரணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆமாம் என்று தலையாட்டினார். துர்கா மாமியாரைப் பார்த்தாள். அழகுத்தாய் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“போயி மொகத்தக் கழுவிட்டு வாத்தா. ஆளுக வாராக.”

துர்கா சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். பந்தல்காரர்கள் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, வீட்டைப் பார்த்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் வந்துவிட்ட நாலைந்து பேர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.