மூன்றாம் ஷெட்டில் ஓர் அலறல்

பேய்ப் படங்களின் இலக்கணத்தைத் தொகுத்து எழுதும் வேலையை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்று அன்றைக்கே தெரியும். சௌமியாவிடம் மடிக்கணினி இருந்தது, அதனால் அவள் இயக்குநர். ரூபனிடம் கேமரா இருந்தது, அதனால் அவன் ஒளிப்பதிவாளர். என்னிடம் இருந்தது நல்ல கையெழுத்து. "நீதான் நல்லா எழுதுவே கலை, ஆராய்ச்சிய நீ பாத்துக்க" என்று சௌமியா சொன்னாள். யாராவது என்னைப் பாராட்டினால் அடுத்து என்ன கேட்கப்போகிறார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

சேலத்தில் எம்.ஏ. காட்சித் தொடர்பியல், இரண்டாம் ஆண்டு. ஏழு நிமிடக் குறும்படம், மூன்று பேர் ஒரு குழு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வசதி கிடையாது. பதினைந்து நாளில் முப்பத்திரண்டு பேய்ப் படங்களைப் போனிலேயே பார்த்தேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். பேய் எப்போதும் பெண். உயிரோடு இருந்தபோது அவள் வேலைக்காரி, இல்லையென்றால் வேலைக்காரியின் மகள். பங்களா அவளைக் கெடுத்தவனுடையது. காரில் வந்து இறங்குகிறவர்கள் படித்தவர்கள். வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான், கறுப்பாக, பல் விழுந்து, கையில் தடியோடு. உள்ளே போகாதீர்கள் என்பான். அவனைக் கேலி செய்துவிட்டு உள்ளே போவார்கள். இருபத்தேழு படங்களில் அந்த ஆள் இருந்தான். ஒன்றில்கூட அவனுக்குப் பெயர் இல்லை.

இதை நான் வாசித்தபோது சௌமியா போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தது ஒரே இடத்தில்தான். படங்களில் பயம் நள்ளிரவில் வருகிறது, எங்கள் எருமப்பட்டிப் பக்கம் அது உச்சி வெயிலில்தான் வரும் என்று எழுதியிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாரும் பிள்ளைகளைக் கிணற்று மேட்டுக்கு விடமாட்டார்கள். உதாரணத்துக்கு ஒன்று வேண்டுமே என்று, யோசிக்காமல், எங்கள் கோழிப்பண்ணையையும் எழுதிவிட்டேன்.

எங்கள் பண்ணை என்றால் எங்களுடையது இல்லை. குருமூர்த்தி என்பவருடையது. அப்பா வேலுசாமி அங்கே மூன்றாம் ஷெட்டுக்குப் பொறுப்பு. அம்மா முட்டை பொறுக்குகிறாள். பண்ணைக்குள்ளேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வருடமாக எங்களுக்கு அதுதான் வீடு, வேறு எங்கும் ஓர் அடி நிலம் கிடையாது. காலையில் முட்டையிட்டு, தீவனம் தின்று முடித்த பிறகு, மத்தியானத்தில் ஐயாயிரம் கோழிகளும் கூண்டுகளில் அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு தம்ளர் கீழே விழுந்தால் போதும், ஐயாயிரமும் ஒன்றாக எழும். எந்தப் படத்திலும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை என்று எழுதியிருந்தேன்.

அங்கேயே படம் எடுக்கலாமே என்றாள் சௌமியா. முடியாது என்றேன். வெளியாள் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. நோய் ஒட்டும், கோழி மிரளும். நானே உள்ளே போய் வருடக்கணக்காகிறது. அவள் உடனே, சரி விடு என்று சொல்லிவிட்டாள். எதையும் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவள் இல்லை அவள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தியது, ஆனால் பரீட்சை இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தாள். மூன்றாம் ஷெட்டில் தோல்முட்டையாக விழுகிறது, ஓடே இல்லாமல் கொழகொழவென்று. கம்பியில் கழுத்து மாட்டி முப்பது நாற்பது கோழிகள் செத்துவிட்டன. டாக்டர் வந்து பார்த்தார். நோய் இல்லை, தீவனத்திலும் குறை இல்லை, ஏதோ ஒன்று கோழிகளை மிரட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், நாய் புகுந்துவிட்டது என்பது முதலாளியின் முடிவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன், அதற்குள் உண்மையைச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றாராம்.

மறுநாள் நாமக்கல் போய் எருமப்பட்டி பஸ் பிடித்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாயாகத்தான் இருக்கும் என்றார். என்ன நிற நாய் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். பார்க்காத நாயை எப்படி நாய் என்கிறீர்கள் என்றேன். தீவன மூட்டையை நகர்த்த எழுந்து போய்விட்டார். அவர் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் அவர் குளிக்கப் போன நேரத்தில் பாயைத் தூக்கிப் பார்த்தேன், மூட்டை இடுக்கில் கைவிட்டுப் பார்த்தேன். புட்டி எதுவும் இல்லை. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தன. அவை எப்போதும் மேல் தட்டில் காகிதத்தில் சுற்றி இருப்பவை. யார் வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். தீவனக்காரர் என்றாள். தீவனக்காரருக்கு எங்கள் வீட்டில் யாரும் கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்ததில்லை.

எந்த நாளில் மிரண்டன என்று மட்டும் கேட்டேன். போன வாரம் புதன்கிழமை, மத்தியானம் என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் புதன்கிழமை மண்டையைக் குடைந்தது. அன்றைக்குச் சௌமியாவும் வகுப்புக்கு வரவில்லை, ரூபனும் வரவில்லை. அவளுக்குத் தலைவலி, அவனுக்குச் சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாட ஒத்திகை. புதன்கிழமை காலையிலிருந்து மாலைவரை ஒத்திகையா என்று அப்போது நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை துறை ஆய்வகத்தில் முதல் தொகுப்பைப் போட்டுக் காட்டினார்கள். சேலையில் ஒரு பெண் வெயிலில் நடக்கிறாள், ஒரு கதவு, அமைதி, பிறகு சௌமியாவின் அலறல். அதோடு சேர்ந்து ஏதோ ஒன்று பெரிதாக எழுந்து அறையை நிறைத்தது. பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தச் சத்தத்தை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். இணையத்தில் எடுத்துக் கலந்தது என்றாள் சௌமியா. அவர் போனதும் நான் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அலறலுக்கு முன்னால் இருந்தது முழு அமைதி இல்லை. அடியில் ஒரு ரேடியோ முனகிக்கொண்டிருந்தது. கோழிகள் மனிதக் குரலுக்குப் பழகட்டும் என்று அப்பா ஷெட்டில் எப்போதும் ஒரு ரேடியோவை ஓடவிட்டிருப்பார். அதன் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். தடித்த குரல் வந்தால் வண்டு மாதிரி அதிரும். அந்த வண்டுச் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். அலறல் ஒன்று இல்லை, இரண்டு. முதல் அலறலில் கோழிகள் எழுந்து அடங்குவதற்குள் இரண்டாவது.

"ரெண்டு டேக் எடுத்தீங்களா?" என்று ரூபனைக் கேட்டேன்.

சௌமியா ஏதோ சொல்ல வந்தாள். அவளை நான் பார்க்கவில்லை. ரூபன் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான்.

"முதல் டேக்ல ஃபோகஸ் போயிடுச்சு" என்றான்.

சுவர் ஏறிக் குதித்தீர்களா, பின்பக்கம் கம்பி வேலியை வளைத்தீர்களா, திருட்டுத்தனமாகப் போய் என் அப்பாவின் சோற்றில் மண்ணைப் போட்டீர்களே என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"நாங்க எதுவும் ஏறிக் குதிக்கல கலை. உங்கப்பாதான் தொறந்து விட்டாரு."

கேட்டில் நின்று உன் பெயரைச் சொன்னோம் என்றான். எனக்கும் இதில் மார்க் இருக்கிறது என்று சௌமியா அப்பாவிடம் சொன்னாளாம். அப்பா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். அம்மா முட்டை அவித்து, டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஷெட் வாசலில் கிருமி ஒட்டாமலிருக்க வைத்திருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இவர்கள் கால் நனைத்தபோது அப்பாவே குனிந்து செருப்பைக் கழுவிவிட்டிருக்கிறார். சத்தம் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பூட்டைத் திறந்து, வெளியே காவலுக்கு நின்றிருக்கிறார், முதலாளி வந்துவிடக் கூடாதே என்று.

என் நோட்டில் இருபத்தேழு காவல்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் தடுத்தார்கள். என் அப்பா தடுக்கவில்லை. அவர் அந்த இடத்தில் நின்று தடியை ஓங்கியிருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

அப்போதே அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்ப்பா தொறந்து உட்டே?"

"உங்கூடப் படிக்கற புள்ளைங்கன்னு சொன்னாங்க சாமி. வெயில்ல நிக்க வெச்சுப் பேசி அனுப்பறதா? நாளைக்கு அவிங்க உன்னய என்ன நெனப்பாங்க?"

முதலாளியிடம் இதைச் சொல்ல முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நாய் புகுந்தது என்றால் தூங்கியது குற்றம். ஆளை உள்ளே விட்டேன் என்றால் அதைவிடப் பெரிய குற்றம். பண்ணைத் தொழிலில் அந்தப் பெயர் வந்தால் நாமக்கல் ஜில்லாவில் எவரும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டார்கள்.

அதனால் நான் ஒரு கதை செய்தேன். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு வர வேண்டும், பின்வேலி ஏறி நாங்களாகவே உள்ளே போனோம், அவருக்குத் தெரியாது என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

"உங்கப்பா விட்டதுக்கு நாங்க ஏன் திருடங்கன்னு ஒத்துக்கணும்?" என்றாள் சௌமியா.

அவள் கேட்டது நியாயம்தான். அதனால்தான் எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. ரூபன் வருகிறேன் என்றான். எதற்காக வருகிறான், போலீசுக்குப் போவேன் என்று பயமா, சௌமியா அனுப்பி வேவு பார்க்கிறானா என்று வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலியின் உயரம் எவ்வளவு, எந்தப் பக்கம் எருக் குவியல் என்று என்னைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் நம்பினேன்.

குருமூர்த்தி தீவனக் கிடங்குக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி வெயில். ரூபன் நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான், ஒரு சொல் பிசகவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார், வேலி ஏறியது சரி தம்பி, ஷெட் கதவுப் பூட்டு எப்படித் திறந்தது என்று. ரூபன் என்னைப் பார்த்தான். நான் பூட்டை மறந்திருந்தேன். உடைத்தோம் என்றான் அவன்.

உடைந்திருந்தால் பூட்டு எங்கே என்று முதலாளி கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். பேசாமல் இரு என்று அப்பாவிடம் கண்ணால் கெஞ்சினேன்.

"தம்பி பொய் சொல்றாப்லீங்க" என்றார் அப்பா. "நாந்தானுங்க தொறந்து உட்டேன். எம்புள்ளைக்காக வந்த பையன், திருட்டுப் பட்டத்தோட அவிங்க ஊட்டுக்குப் போவக் கூடாதுங்க."

முதலாளி வெகுநேரம் செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பிறகு சாவியைக் கேட்டு வாங்கினார். நாளையிலிருந்து ஷெட் பக்கம் வராதே, தீவன மில்லில் மூட்டை தூக்கு, அம்மா முட்டை பொறுக்கட்டும், புள்ளை படிப்பு முடிகிறவரை ரூமில் இருந்துகொள் என்றார். அப்பா கும்பிட்டார். அம்மா கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. போன மாதம் இரண்டு குடும்பங்கள் இந்தப் பண்ணையை விட்டுப் போயிருந்தன. மூட்டை தூக்க ஆள் இல்லை. இரக்கம் என்றால் அது எதற்கு என்று பார்க்க வேண்டும். படிப்பு முடிகிறவரை என்பதற்குத் தேதி இல்லை. நாளைக்கே ஆள் கிடைத்தால் என் படிப்பு நாளைக்கே முடிந்துவிடும்.

"எந்த மாசம் வரைக்குங்க?" என்று கேட்டேன்.

பரீட்சை ஏப்ரலில்தானே, அதுவரைக்கும்தான் என்றார்.

"மே கடைசி வரைக்கும்னு எழுதிக் குடுங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். குருமூர்த்தி என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார்.

"ஏப்பா வேலுசாமி, உம்புள்ளைக்கு எம்மேல சந்தேகமாட்ட இருக்குது."

"ஆமாங்க" என்றேன் நான்.

அப்பாவின் கைகள் இன்னும் கும்பிட்டபடியே இருந்தன. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கைகளைக் கீழே இறக்கினார்.

"எழுதிக் குடுத்துப்போடுங்க மொதலாளி" என்றார். "எனக்கும் வயசாவுது, நாளைக்கு நானே மறந்துபோயி வேற மாறிச் சொல்லிப்போடுவேன்."

முதலாளி அவரையே பார்த்தார். பதினொரு வருடத்தில் அப்பா அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு அவர் கிடங்குக் கணக்கனைக் கூப்பிட்டுப் பேனா கொண்டுவரச் சொன்னார். தீவன ரசீதின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்தார்.

இரண்டு முறை படித்துவிட்டு முதலாளியிடம் திருப்பி நீட்டினேன்.

"தேதி போடலீங்க."