நகல் புத்தகத்தின் அடுத்த தாள்

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அமெரிக்காவின் ஒஹையோவில் காங்கிரஸ் சபை உறுப்பினர் பதவிக்கு நின்ற வக்கீல் எராஸ்டஸ் வில்காக்ஸ், தம் கடித நகல் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தார். வீட்டு விஷயமோ வழக்கு விஷயமோ, எழுதிய கடிதம் ஒவ்வொன்றையும் நனைத்த மெல்லிய தாளில் அழுத்தி நகலெடுத்துவிடுவது அவர் வழக்கம். தாள்களில் எண் அச்சிட்டிருக்கும். ஒன்று குறைந்தாலும் நீதிமன்றம் புத்தகத்தை நம்பாது.

நூற்றுப் பன்னிரண்டாம் தாளில்தான், அவர் வழக்கை எடுத்திருந்த டெலியாவின் நிலம் இருந்தது. அன்று உள்நாட்டுப் போர்முனையிலிருந்து அவள் கணவன் ஆமோஸ் கேட்டபடி, பண்ணையை அவள் பெயருக்கு எழுதிவிட்டதாக வில்காக்ஸ் போட்ட பதில் அது. பத்திரம் பதிவு அலுவலகத் தீயில் போயிற்று. ஆமோஸ் திரும்பவேயில்லை. பண்ணை தன்னுடையது என்றான் அவன் அண்ணன். அதை மறுக்க இந்த நகல்தான் மிச்சம்.

அடுத்த தாளும் அதே நாளில் எழுதியது. தம் மகன் நேதனைப் போர்முனைக்கு அனுப்பாமல் ஊரிலேயே எழுத்து வேலையில் வைக்கும்படி ஆளுநரிடம் கெஞ்சிய கடிதம். இன்றோ மேடைக்கு மேடை போர்வீரர்களின் தியாகத்தைப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரிகையும் நடத்துபவர், அடுத்த தாளைப் புரட்டி அச்சிடாமல் விடமாட்டார்.

தேர்தல் முடியும்வரை வழக்குக்கு வாய்தா வாங்கச் சொன்னார் கூட்டாளி ஹைரம்.

"அதுக்குள்ள பனி விழுந்துடும்பா. அந்தம்மாவ இப்பவே வாசல்ல நிறுத்திட்டான் அந்த அண்ணன்காரன்."

"அப்ப உன் சீட்டு?"

"போனா போகட்டும்."

விசாரணை நாள் காலை, அந்த இரண்டாம் கடிதத்தை டெலியாவிடம்தான் முதலில் படித்துக் காட்டினார். அவள் கேட்டாள்:

"எங்க வீட்டுக்காரருக்குப் பதில் போட்ட அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதாம்மா. அதே பேனாவால."

டெலியா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க பையன் நல்லா இருக்கானா, ஐயா?"

"இருக்கான். ரெண்டு குழந்தைங்க."

"நல்லா இருக்கட்டும்."

வெளியே குளிர்மழை. ஒரு சொட்டு பட்டால் போதும், நகல் மை கரைந்துவிடும். டெலியா தன் சால்வையை உருவிப் புத்தகத்தைச் சுற்றினாள்.

"வேணாம்மா, நனைஞ்சிடுவீங்க."

"நாம காய்ஞ்சுக்கலாம் ஐயா. இது நனைஞ்சா போச்சு."

நீதிமன்றத்தில் வில்காக்ஸ் நூற்றுப் பன்னிரண்டாம் தாளை வாசித்தார்; நீதிபதி குறித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் புத்தகத்துக்குக் கை நீட்டினார். வில்காக்ஸ் கொடுக்கவில்லை. தாமே அடுத்த தாளைத் திருப்பி, அதே குரலில் கடைசி வரி வரை வாசித்தார். பிறகுதான் புத்தகத்தை நீட்டினார். அவருக்குப் பின்னால், ஈரச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு டெலியா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.