வாய்ப்பூட்டு

மூன்றாவது கரண்டியும் கன்னத்தில்தான் போய்ச் சேர்ந்தது. மசித்த உருளைக்கிழங்கு தாடை வழியாக இறங்கிக் கழுத்து மடிப்பில் தங்கியது. குழந்தை அழவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் வழிந்ததைக் கரண்டியால் வழித்தெடுத்து மறுபடியும் கொண்டுபோனாள்.

குழைத்த சோறு, வாழைப்பழம், பூசணி எல்லாம் பார்த்தாகிவிட்டது. புட்டிப் பாலையும் தொடாது. தாய்ப்பால் ஒன்றுதான் உள்ளே போகும். அப்பன் பிள்ளைக்குப் பூட்டு என்றே பெயர் வைத்துவிட்டான்.

வேறு சமயமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். திங்கட்கிழமை நூற்பாலை வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கறாராகச் சொல்லிவிட்டாள். கரண்டியில் வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளையென்றால் கொண்டு வா, பால்குடியென்றால் வேண்டாம், நடுவில் பால் கொடுக்க உன்னை மெஷினை விட்டு யார் அனுப்புவார்கள் என்று கேட்டாள். சூப்பர்வைசரிடம் இன்னும் ஒரு மாதம் லீவு கேட்டுப் பார்த்தாள். அவளுடைய மெஷினில் நின்றிருந்த புதுப் பெண்ணைக் கண்ணால் காட்டி, "நல்லா ஓட்டுது" என்றார் அவர். அதற்கு மேல் அவள் என்ன கேட்பது?

மத்தியானம் புருஷன் வந்தான். பஸ் கண்டக்டர். காலையிலிருந்து கத்திவிட்டு வந்தும் வீட்டில் வாய் ஓயாது. இன்றைக்குச் சில்லறைக்காகச் சண்டை போட்டவனின் கதையைச் சொல்லிக்கொண்டே குழந்தைக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். விடிவதற்கு முன்னால் எழுந்த அலுப்பு. கதை பாதியில் நிற்க, தாடை கழன்றுவிடும் போல ஒரு கொட்டாவி விட்டான்.

குழந்தையும் ஆவென்று வாயைத் திறந்தது.

அவன் வாயை மூடினான். அதுவும் மூடியது. வேண்டுமென்றே மறுபடி திறந்தான். அதுவும் திறந்தது. ஈறில் புதிதாக முளைத்த ஒற்றைப் பல் தெரிந்தது. அவன் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தான். கரண்டி நீட்டிய கையோடு, உதடு இரண்டும் ஒட்டவைத்ததுபோல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டு அது வாயில இல்ல, உன் வாயிலதான் தொங்குது" என்றான். "உன்னைப் பாத்துதான் அதுவும் மூடிக்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆலைதான். மெஷின் ஓடும்போது வாயைத் திறந்தால் ஒரு வாய் பஞ்சு. வாயை மறைத்துத் துணி கட்டிக்கொள்ளலாம் என்றால் விடமாட்டார்கள். யார் பேசுகிறார்கள் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாமல் போய்விடுமாம். கண்ணாலும் கையாலுமே பேசிப் பழகிவிட்டது. கை வேலையில் இறங்கினால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். காய் நறுக்கினாலும் அப்படித்தான், துணி துவைத்தாலும் அப்படித்தான். அது பிள்ளைக்கும் போய்விட்டதே என்று நொந்துகொண்டாள். கூடவே சிரிப்பும் வந்தது.

கரண்டியில் மறுபடி அள்ளினாள். கூச்சமாகத்தான் இருந்தது. பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவள் மாதிரி வாயைப் பிளந்து, "ஆ" என்றாள்.

குழந்தை திறந்தது. கரண்டி உள்ளே போனது. அது முகத்தைச் சுளித்தது, நாக்கால் புரட்டியது, பாதியை வெளியே தள்ளியது, மீதியை விழுங்கியது. தொண்டை ஏறி இறங்கியதை இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு அதுவாகவே வாயைத் திறந்து காத்திருந்தது.

"ரைட், போலாம்!" என்று கண்டக்டர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். கிண்ணம் காலியானது. அம்மா முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஆயா கடுகடுவென்று கரண்டியை நீட்டினாள். குழந்தை உதட்டை மடித்தது.

"அக்கா, நீங்களும் வாயைத் திறக்கணும்."

"நான் எதுக்குத் திறக்கணும்?" என்று ஆயா முறைத்தாள். அம்மா கெஞ்சவில்லை, தன் வாயைத் திறந்து காட்டினாள். ஆயாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. யார் எதிரிலும் சிரிக்காதவள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திறந்தாள். அந்த ஓட்டையை அதிசயமாகப் பார்த்து, குழந்தையும் அகலமாகத் திறந்தது. நாலு வாய் உள்ளே போனதும் ஆயாவே சிரித்துவிட்டாள். "இதையா சாப்பிடாதுன்னு சொன்னாங்க? விட்டுட்டுப் போ."

அவள் ஏறக்குறைய ஓடினாள். புதுப் பெண்ணை வேறு வரிசைக்கு அனுப்பியிருந்தார்கள். தன் மெஷின், தன் இடம். அறுந்த இழைகளைக் கை தானாகப் பிடித்து ஒட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிர் வரிசைத் தோழிக்குக் கண்ணாலேயே சொன்னாள். அவளும் கண்ணாலேயே சிரித்தாள்.

பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கும் நேரம் வந்தது. இப்போது ஆயா கிண்ணத்தை எடுத்திருப்பாள் என்று நினைத்தாள். தன்னை அறியாமல் அவள் வாய் அகலமாகத் திறந்தது.

வரிசையின் கோடியிலிருந்து சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். விரலைத் தன் உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

அவள் மூடிக்கொண்டாள். நாக்கில் பஞ்சு ஒட்டியிருந்தது. துப்ப வேண்டுமென்றால் மறுபடியும் வாயைத் திறக்க வேண்டும். அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவள் அதை விழுங்கினாள்.