மணல் பேத்தி

என் பேத்தியை ஒரே காலையில் நூறு முறை சைக்கிளிலிருந்து கீழே போட்டிருக்கிறேன். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, நான் பெற்ற மகளே நம்பவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் பஸ் டிரைவராக இருந்தபோது அவளுக்கு ஊட்டிவிட்ட ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை விட்டவன். பிரேக் பிடிக்காத பஸ்ஸை ஒரே தும்மலில் நிறுத்திய கதைக்கு அவள் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை பார்க்கிறாள். முறிந்த கையோடு வருகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு, வாயை நம்பாமல் எலும்பை மட்டும் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், தொலைந்த ரிமோட்டைத் தேடிக் கொடுப்பது. அதுவும் பெரும்பாலும் என் அடியிலேயே இருக்கும். பேத்தியைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டேன். தினமும் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு, என் சைக்கிளில். ஊரையே ஏற்றி இறக்கியவனுக்கு ஒரே ஒரு பயணி. அதுகூடக் கிடைக்காதா?

வேன் வைத்துவிடலாம் என்றாள் மகள். நான் உண்ணாவிரதம் இருந்தேன். நடுவில் பிஸ்கட் தின்றதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில், "முதல்ல சைக்கிள்ல குழந்தை உக்கார ஒழுங்கான சீட் ஒண்ணு பாருங்கப்பா, அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். யோசிக்கலாம் என்றால் சரி என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தெருமுனைத் தையல்காரரிடம் பேத்தியின் பழைய சட்டையையும் பேண்ட்டையும் கொடுத்து, கை கால் வைத்து ஒரு பை தைக்கச் சொன்னேன். அவள் எடைக்கு மணலை அடைத்து, அவள் ஷூவை மாட்டி, தலைக்கு ஒரு பந்தை வைத்தோம். கண் மூக்கு வரைய அவர் சாக்பீஸை எடுத்தார். வேண்டாம் என்றேன். முகம் இருந்தால் கீழே போட மனசு வராது.

மணல் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவைச் சாத்திவிட்டு, "யார் சார் இது?" என்றார்.

"என் பேத்தி."

"அம்மா ஜாடையோ?"

என் தொல்லை தாங்காமல் மூன்று சீட்டுகளைச் சோதனைக்குக் கொடுத்தனுப்பினார். தையல் கடைக்கு எதிரே தெரு அகலம், அங்கேதான் அரங்கேற்றம். முதலாவது ஹேண்டில்பாருக்குப் பின்னால் மாட்டுவது, இடுப்புக்கு மட்டும் பெல்ட். ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தேன். பேத்தி பெல்ட்டுக்கு அடியில் வழுக்கித் தலைகுப்புறப் போனாள். தலை மட்டும் சாக்கடை வரை உருண்டது. கீழே கிடந்தபடியே சிரித்தேன்.

இரண்டாவது கேரியர் மேல் வைப்பது. பெல்ட் எல்லாம் பிரமாதம், காலுக்குத் தடுப்பு மட்டும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் சடக்கென்று நின்றது. ஷூ கம்பிக்குள் போய், கணுக்கால் கிழிந்து மணல் கொட்டியது. தையல்காரர் மெஷினை விட்டு எழுந்து வந்தார். மணல்தான் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் கொஞ்ச நேரம் அந்தக் காலை நாங்கள் பார்க்கவில்லை. பிறகு அவர் அதை மடியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

மூன்றாவதுதான் சீட். தலைக்கு மேலே உயர்ந்த முதுகு, தோளுக்கும் சேர்த்துப் பெல்ட், பாதத்தை வைத்துக் கட்ட ஒரு பள்ளம், கம்பியை மறைக்கும் தடுப்பு. பக்கிளைச் சோதிக்க அசல் பேத்தியையே வரவழைத்தேன். அவள் கையில் திறக்காத டப்பா உலகத்தில் கிடையாது. முக்கிப் பார்த்தாள், திறக்கவில்லை. கடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் இடப்பக்கம் விழுந்தேன், வலப்பக்கம் விழுந்தேன், பிரேக் அடித்து விழுந்தேன். மணல் பேத்தி பதவி கிடைத்த மந்திரி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றிரண்டு முறை நான் விழ நினைப்பதற்குள் தரையே எழுந்து வந்துவிட்டது. அதையும் சோதனையில் சேர்த்துக்கொண்டேன்.

மாலையில் மகள் சீட்டை வரவேற்பறையில் வைத்து ஒவ்வொரு பெல்ட்டாக இழுத்துப் பார்த்தாள். தடுப்பை ஆட்டிப் பார்த்தாள். நல்ல சீட் என்றாள். நூறு தடவை விழுந்து பொறுக்கியதாக்கும் என்றேன்.

"ஆமா, தும்மி பஸ்ஸை நிறுத்தின மாதிரி."

வாழ்க்கையில் ஒருமுறை உண்மையைச் சொன்னால் இந்த மரியாதை. விடுவேனா? ஓடிப்போய்ச் சாட்சியைக் கூட்டி வந்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் நின்றார். எனக்காகப் பேசப் போகிற பெருமை அவர் முகத்தில்.

"நூறெல்லாம் இல்லம்மா. ஆனா விழுந்தார். முதல்ல எல்லாம் வேணும்னேதான் விழுந்தார். அப்புறம் சைக்கிளைத் திருப்புறப்ப ஒரு தடவை. கடைசியா, சும்மா காலை ஊனி நின்னுட்டிருந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். நான்தான் தூக்கிவிட்டேன்."

மகள் என் கிட்டே வந்தாள். என் சட்டைக் கையை மடித்து முழங்கையை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். சர்க்கஸுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன், அவள் சிரிக்கவில்லை. காலைத் தூக்கினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சீட்டை என் சைக்கிள்ல மாட்டிக்கிறேன்ப்பா. டூட்டி நேரத்தை மாத்திக் கேட்டுட்டு நானே கொண்டுபோய் விடுறேன்."

பேத்தி தரையிலிருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, போலாம் ரைட்" என்றாள்.

சொன்ன கதையை நான் எந்தக் காலத்திலும் திரும்ப வாங்கியவன் இல்லை. அன்று வாங்கினேன்.

"நான் விழவே இல்லம்மா. எல்லாம் கதை. என்னைத் தெரியாதா உனக்கு? இவரையும் நான்தான் சொல்லச் சொன்னேன்."

தையல்காரர் தரையைப் பார்த்தார். மகள் மடித்த சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

"இல்லப்பா," என்றாள். "விழுந்தீங்க."